தீ அணைந்த பின் வேகும் ரொட்டி

விறகடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது விறகை வெளியே இழுத்துவிட்டால் சற்று நேரத்தில் கொதி அடங்கிவிடும். பழைய பேக்கரிகளின் செங்கல் அடுப்பில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மாலையில் அடுப்பின் வயிற்றுக்குள்ளேயே விறகை அடுக்கிக் கொளுத்துகிறார்கள். சில மணி நேரம் எரிந்ததும் தணலையும் சாம்பலையும் நீண்ட கம்பியால் வாரி வெளியே தள்ளி, தரையை ஈரச் சாக்கால் துடைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மாவு உள்ளே போகிறது. தீயே இல்லாத அந்த இருட்டுக் குகையில் முதலில் ரொட்டி, அடுத்து பன், பிறகு பிஸ்கட் என்று விடியும்வரை ஒன்றன்பின் ஒன்றாக வெந்து வருகின்றன. தீ இருக்கும்வரை சமையல் தொடங்குவதில்லை. தீ போன பிறகுதான் தொடங்குகிறது.

இந்த அடுப்புக்குத் தமிழில் ஊருக்கு ஒரு பெயர். யாழ்ப்பாணத்தில் இது போறணை. அங்கே ரொட்டியைக் குறிக்கும் பாண் என்ற சொல்லைப் போலவே இதுவும் போர்த்துக்கேயரின் புழக்கத்தோடு வந்தது. கேரளத்திலும் அதை ஒட்டிய குமரி மாவட்டத்திலும் போர்மா என்கிறார்கள். முந்திரித் தொழிலில் பருப்பை உலர்த்தும் சூட்டறைக்கும் போர்மா என்றே பெயர். ஆகவே முந்திரி விளையும் பண்ருட்டிப் பகுதிக்கு அந்தச் சொல் புதிதல்ல. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி இத்தகைய விறகு அடுப்பில்தான் மரபாகச் சுடப்படுகிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பீட்சா சுடும் கவிந்த அடுப்பும் இதே குடும்பம்தான். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்து ரொட்டிக் கடைகளில் தோண்டியெடுக்கப்பட்ட அடுப்புகளுக்கும் இன்றைய பீட்சா அடுப்புகளுக்கும் வடிவத்தில் பெரிய வேறுபாடில்லை.

இத்தகைய ஓர் அடுப்பை வீட்டுக் கொல்லையில் கட்டத் தேவையானவை அநேகமாக எல்லாமே கடலூர் மாவட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட அண்ணாகிராமம் வட்டாரத்தில் செங்கல் அறுப்பதற்கேற்ற ஆற்று வண்டல் உண்டு. அரிசி ஆலைகளில் உமி உண்டு. கடலோர மணலில் சவுக்கும், பண்ருட்டியின் செம்மண் மேட்டில் முந்திரியும் விறகு தருகின்றன. கட்டும் வேலையும் ஒரு நல்ல கொத்தனாரின் கைக்கு அடங்குவதுதான். ஆனால் இதை அடுப்பு என்று நினைத்துக் கட்டினால் தவறிவிடும். இது சூட்டைச் சேர்த்து வைக்கும் குதிர். நெல்லுக்குக் குதிர் கட்டுகிறவர் எவ்வளவு கொள்ள வேண்டும், எந்த வழியாக நிரப்புவது, எங்கே ஒழுகும் என்று பார்ப்பதுபோலவே இங்கும் பார்க்க வேண்டும்.

சூடு கல்லில் சேர்ந்திருக்கும் என்பதைச் சித்திரை மாதத்து மொட்டைமாடி நன்றாகவே காட்டுகிறது. உச்சி வெயில் அடிக்கும்போது கான்கிரீட் தளத்துக்கு அடியிலுள்ள அறை ஓரளவு தாங்கும்படி இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகுதான் கூரை அனலைக் கக்குகிறது. பகலில் வாங்கிய வெப்பம் தளத்தின் கனத்தை மெல்லக் கடந்து, நான்கைந்து மணி நேரம் தாமதித்து உட்பக்கம் வந்து சேர்கிறது. தளத்தில் இரு பண்புகள் இங்கே ஒன்றாக வேலை செய்கின்றன: வெப்பத்தைக் கொள்ளும் திறன், அதை மெதுவாக நகர்த்தும் குணம். போறணையின் வேலையும் இந்த இரண்டில் அடங்கும்.

முதலாவது, கொள்ளும் திறன். ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறோம். வெப்பமும் வெப்பநிலையும் வெவ்வேறு என்பதை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். சம எடையுள்ள இரு வேறு பொருள்களை ஒரே வெப்பநிலைக்குச் சூடாக்கி, தனித்தனியாகக் குளிர்ந்த நீரில் இட்டால் நீர் ஒரே அளவு சூடேறுவதில்லை. ஒன்று கூடுதலாகக் கொண்டிருக்கிறது, மற்றது குறைவாக. அப்படி அளந்து பார்த்தால் ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்தும் வெப்பம் ஏறத்தாழ ஐந்து கிலோ செங்கல்லை ஒரு டிகிரி உயர்த்திவிடும். எடைக்கு எடை பார்த்தால் செங்கல் நீரிடம் தோற்கிறது. ஆனால் திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரியில் நின்றுவிடும். செங்கல் 400 டிகிரிக்கும் ஏறும், 500-க்கும் ஏறும், உருக்குலையாது. குதிரின் உயரம் இங்கே அகலக் குறைவை ஈடுகட்டுகிறது.

மூன்றடி விட்டமும் அரைச் செங்கல் கனமும் கொண்ட சிறிய போறணையில் தரையும், கவிந்த கூரையான கவிகையும் சேர்ந்து 300 கிலோவுக்குக் குறையாமல் செங்கல் இருக்கும். அந்த 300 கிலோவை 300 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் நன்கு உலர்ந்த விறகில் வெறும் 5 கிலோவில் அடங்கியிருக்கிறது. நடைமுறையில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு விறகு செலவாகிறது. மிச்சம் புகையோடு வாய்வழியாகப் போகிறது, அல்லது சுவர் வழியாகக் கசிகிறது. இந்த இரண்டு ஓட்டைகளைச் சுருக்குவதுதான் கட்டுமானக் கலையில் பாதி.

இரண்டாவது பண்பு, நகரும் வேகம். பொருளுக்குள் வெப்பம் பரவுவதைக் கணிதமாக்கியவர் பிரான்சின் ஜோசப் ஃபூரியே. அவரது நூல் 1822-இல் வந்தது. அதிலிருந்து கிடைக்கும் விதிகளில் கட்டுகிறவருக்கு மிகவும் பயன்படுவது, கனத்தை இரட்டித்தால் வெப்பம் மறுபக்கம் வந்துசேரும் நேரம் இரட்டிப்பதோடு நிற்காமல் நான்கு மடங்காகும் என்பது. கூட்டத்தில் நெருக்கித் தள்ளப்படும் ஒருவர் முன்னும் பின்னுமாக அலைந்தபடி தேர்முட்டியை அடைவதைப்போல வெப்பம் நேர்க்கோட்டில் போகாமல் தட்டுத் தடுமாறிப் பரவுவதால் இப்படி நேர்கிறது. ஒன்றரை மணி நேரம் எரித்துப் பத்துப் பீட்சா சுட விரும்புகிறவருக்கு ஒரு முழுச் செங்கல் கனமுள்ள சுவர் வீண். உள்பக்கத்து இரண்டு மூன்று அங்குலம் மட்டுமே சூடேறியிருக்கும், மீதிக் கல் அதை இழுத்துக் குடித்துக்கொண்டிருக்கும். நாள்தோறும் எரித்து இரவு முழுக்க ரொட்டி சுடும் பேக்கரிக்கோ கனத்த சுவர்தான் சரி. அது ஒருநாளும் முழுக்க ஆறுவதே இல்லை. கொல்லை அடுப்புக்கு அரைச் செங்கல், அதாவது நாலரை அங்குலக் கனம் போதும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

வாங்கிய சூட்டைப் போறணை எப்படித் திருப்பித் தருகிறது? மூன்று வழிகளில். தரைக்கல் தொட்டுக் கொடுப்பது வெப்பக் கடத்தல். உள்ளே சுழலும் காற்று கொடுப்பது வெப்பச் சலனம். சூடேறிய கவிகை தொடாமலேயே எறிவது வெப்பக் கதிர்வீச்சு. தோசைக்கல்லில் முதல் வழி மட்டுமே முழுமையாக உண்டு. அதனால் தோசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது, கனமான ஊத்தப்பத்துக்கு மூடி போட வேண்டியிருக்கிறது. ஓவன் இல்லாத வீடுகளில் கேக் சுடும்போது பாத்திரத்தின் மூடிமேல் தணலைக் கொட்டும் வழக்கம் இருந்தது. போறணையின் கவிகை அந்தத் தணல் மூடியின் வேலையைச் செய்கிறது.

இந்தக் கதிர்வீச்சுக்கு ஒரு வியப்பான விதி உண்டு. ஆஸ்திரிய இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் 1879-இல் அதைக் கண்டார். சூடேறிய பிளாட்டினம் கம்பி வீசும் வெப்பத்தைப் பற்றி ஜான் டிண்டால் செய்திருந்த அளவீடுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது, வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப வீச்சு கூடுவதை அவர் உணர்ந்தார். வெப்பநிலையை இங்கே பனிக்கட்டி உருகும் புள்ளியிலிருந்து எண்ணக் கூடாது. அதற்கும் கீழே 273 டிகிரியில் உள்ள, இயற்கையின் அடிமட்டக் குளிரிலிருந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் கவிகை 200 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்கு ஏறும்போது அது வீசும் வெப்பம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதே விதியை வைத்து ஸ்டெஃபான் சூரியனின் மேற்பரப்பு 5,400 டிகிரியை ஒட்டியிருக்கும் என்று கணித்தார். இன்றைய மதிப்பு சுமார் 5,500. ஒரு கம்பியிலிருந்து சூரியன்வரை செல்லும் விதி, செங்கல் கவிகைக்கும் பீட்சாவுக்கும் இடையிலுள்ள ஓரடி இடைவெளியிலும் மாறாமல் நடக்கிறது. நேப்பிள்ஸ் முறையில் தரை 430 டிகிரியையும் கவிகை அதற்கு மேலும் தொடும்போது பீட்சா 60 முதல் 90 நொடிகளில் வெந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. வீட்டு மின்சார ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியில் நின்றுவிடுகிறது. அங்கே மேல்பக்கம் சிவப்பதற்குள் மாவின் ஈரமெல்லாம் வற்றி அப்பளமாகிவிடும்.

அப்படியானால் 400 டிகிரி தரையில் மாவின் அடிப்பக்கம் கரியாகிவிட வேண்டுமே? இரும்புத் தகடாக இருந்தால் கரியாகத்தான் ஆகும். ஆந்திரே வர்லாமோவ், ஆந்திரியாஸ் கிளாட்ஸ் என்ற இரு இயற்பியலாளர்களும் உணவு மானிடவியலாளரான செர்ஜியோ கிராஸ்ஸோவும் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலை உடனே அமைகிறது. அதைத் தொடுசூடு என்று சொல்லலாம். வெப்பத்தை விரைந்து கொண்டுவந்து கொட்டக்கூடிய பொருள் எதுவோ, அதன் பக்கமே தொடுசூடு சாயும். இரும்பு தன் உட்புறத்திலிருந்து வெப்பத்தை அள்ளி அள்ளி விளிம்புக்கு அனுப்பும். செங்கல் கஞ்சன், மேல்தோலில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, அடுத்ததை மெதுவாகத்தான் நகர்த்தும். அவர்கள் கணக்குப்படி 330 டிகிரி செங்கல் தரையில் மாவின் அடிப்பக்கம் 208 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதே 330 டிகிரியில் உள்ள எஃகுத் தட்டில் 300 டிகிரியாகிறது. எஃகைச் சகிக்கும்படி செய்ய அடுப்பை 230 டிகிரிக்கு இறக்க வேண்டும். அப்போது சுடும் நேரம் இரண்டு நிமிடத்திலிருந்து 170 நொடிக்கு நீள்கிறது. செங்கல்லின் மந்தம் இங்கே பெரிய நன்மை. மேலே கவிகை முழு வேகத்தில் வீசலாம், கீழே தரை நிதானமாகக் கொடுக்கும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும்.

இனி எந்தச் செங்கல் என்ற கேள்வி. சூளையில் வெந்த செங்கல் 800 டிகிரிக்கு மேல் பார்த்துப் பிறந்தது. போறணையின் 400, 500 டிகிரியில் அது உருகவோ இளகவோ போவதில்லை. அதைக் கெடுப்பது சூட்டின் அளவைவிடச் சூட்டின் ஏற்ற இறக்கம்தான். உட்பக்கம் சட்டென்று விரிந்து வெளிப்பக்கம் குளிர்ந்தே கிடந்தால் இரண்டுக்கும் இடையில் இழுவை உண்டாகி, செதில் செதிலாக உதிரும். இதை வெப்ப அதிர்ச்சி என்பார்கள். சூடான கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடுவதும் இதே காரணத்தால். தீச்செங்கல் (கடைகளில் ஃபயர் பிரிக் என்று கேட்டால்தான் கிடைக்கும்) அலுமினா மிகுந்த தீக்களிமண்ணால் ஆனது; இந்த அதிர்ச்சியை அது நெடுங்காலம் தாங்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது கூடவே இவ்வகைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியதில் அந்தக் களிமண்ணுக்கும் பங்குண்டு. தணல் நேரடியாகக் கிடக்கும், கம்பி உரசும் தரைக்குத் தீச்செங்கல்லே போட வேண்டும். கவிகைக்கு நன்றாக வெந்த, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் நாட்டுச் செங்கல் போதுமானது. எல்லாவற்றையும் தீச்செங்கல்லில் கட்டுவது செலவு கூடிய வழி. சிக்கனமான வழியில் ஏதேனும் கெட்டுவிட்டால் உதிர்ந்த கல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கலவையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழக்கப்பட்ட கை சிமெண்டை எடுக்கும். ஆனால் இறுகிய சிமெண்டின் பலத்தில் ஒரு பங்கு அதற்குள் பிணைந்திருக்கும் நீரால் ஆனது. 400 டிகிரியைத் தாண்டினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சேர்மம் நீரை இழந்து நீறாகத் தொடங்குகிறது. ஆறியதும் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பிப் பொருபொருத்துப் போகிறது. சுண்ணாம்புக் காரைக்கும் உட்பக்கத்தில் இதே கதிதான். நீற்றல் என்பது இந்தப் பகுதிக்கு நன்கு தெரிந்த சொல்: பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசரை ஏழு நாள் அடைத்துவைத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் நீற்றறை, சுண்ணாம்புக் கல்லை நீற்றும் காளவாய்தான். கல் நீறாக 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இறுகிய சிமெண்டும் சுண்ணாம்பும் அதில் பாதிச் சூட்டிலேயே கட்டுத் தளர்ந்துவிடும்.

களிமண் அப்படிப்பட்டதல்ல. சூடு ஏற ஏற அது இறுகும். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு மூன்று பங்கு மணல் என்று தொடங்கி, சிறிய உருண்டை பிடித்து நிழலில் காயவைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் விட்டால் களி அதிகம். கையில் உதிர்ந்தால் மணல் அதிகம். மணலிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆற்று மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென விரிகிறது. தீ நேராக அடிக்கும் இடங்களில் அந்தச் சூடு வரக்கூடும். அங்கே மணலுக்குப் பதில் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்லும் செங்கல் தூளைச் சேர்த்தால் அந்தத் தொல்லை குறையும். அது ஏற்கெனவே ஒருமுறை வெந்து அடங்கியது. எந்தக் கலவையானாலும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மெல்லியதாக இருக்க வேண்டும். ரொட்டி அடுப்பில் பாரத்தைத் தாங்குவது கல். கலவை இடுக்கை அடைப்பதற்கு மட்டும்.

பாரம் தாங்கும் விதமே கவிகையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. செங்கல் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தட்டையான கூரையில் அடிப்பக்கம் இழுபடும். வளைந்த கூரையில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குவதால் எங்குமே நசுக்கல்தான். பாரம் கல்லுக்குக் கல் கைமாறி, கடைசியில் அடிவட்டத்தை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க அடியில் கனத்த விளிம்போ இரும்புப் பட்டையோ வேண்டும். கட்டும்போது தாங்கலுக்கு மரச் சட்டம் தேவையில்லை. தரையின்மேல் ஈர மணலை வேண்டிய வடிவில் குவித்து, நனைத்த செய்தித்தாளை மேலே ஒட்டி, அதன்மேல் செங்கல்லைச் சுற்றுச் சுற்றாக அடுக்கி உச்சிக் கல்லை இறுக்கிவிட்டால், பிறகு மணலை வாய்வழியாகச் சுரண்டி எடுத்துவிடலாம். தாள் தென்படும் இடத்தில் கை நின்றுவிடும். மணலும் சட்டமும் இல்லாமலே ஒட்டும் களிமண் கலவையால் கல்லைச் சாய்த்துச் சாய்த்துக் கவிகை மூடும் நூபிய முறையும் உண்டு. எகிப்தின் தென்பகுதியில் தோன்றிய அதை ஆரோவில் மண் நிறுவனம் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது.

வாயின் உயரம் சிறிய விஷயம் போலத் தோன்றும். அடுப்பு எரிவதும் புகைவதும் அதில்தான் இருக்கிறது. கட்டுகிறவர்கள் வழிவழியாகப் பின்பற்றும் அளவு, கவிகையின் உள் உயரத்தில் சுமார் 63 விழுக்காடு. உள்ளே 40 சென்டிமீட்டர் உயரமானால் வாய் 25. காரணத்தை ஒரு பானையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நிமிர்ந்த பானையில் நீர் விளிம்புவரை நிற்கும். சூடான காற்று இலேசானது, மேலே போகத் துடிப்பது. அதற்குப் பானையைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். போறணை அப்படிக் கவிழ்த்த பானை. வாயின் மேல்விளிம்புக்கு மேலே உள்ள பகுதி முழுவதும் சூடான வாயு தேங்கி நிற்கும் தலைகீழ்க் குளம். வாயை உயர்த்தினால் குளம் ஆழம் குறைந்து சூடு வழிந்தோடும். மிகவும் தாழ்த்தினால், கீழ்ப்பாதியில் குளிர்காற்று உள்ளே வரவும் மேல்பாதியில் புகை வெளியே போகவும் இடம் போதாமல் தீ திணறும். ஒரே வாயில் இரண்டு போக்குவரத்தும் நடப்பதைப் புகையும் அடுப்பின் முன் நின்று பார்த்தாலே காணலாம்: மேலே புகை வெளியேறுகிறது, கீழே கொளுத்திய ஊதுபத்தியைக் காட்டினால் அதன் புகை உள்ளே இழுபடுகிறது. புகைபோக்கியைக் கவிகையின் உச்சியில் வைக்காமல் வாய்க்கு வெளியே வைப்பதற்கும் இதுவே காரணம். உச்சியில் ஓட்டை போட்டால் அது குளத்தின் அடியில் மதகு திறந்ததற்குச் சமம்.

சுவரின் கசிவை அடைக்க வெப்பக்காப்பு வேண்டும். அடர்ந்த கல் சூட்டைச் சேர்த்து வைக்கும், ஆனால் தடுத்து நிறுத்தாது. தடுப்பது அசையாத காற்று. கம்பளிக்குள்ளும் பஞ்சு மெத்தைக்குள்ளும் அடைபட்டிருக்கும் காற்றுதான் கதகதப்பைக் காக்கிறது. 400 டிகிரியில் எரியாத ஒரு மெத்தை வேண்டுமென்றால், அண்ணாகிராமத்துக்காரர் அதை அரிசி ஆலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி; அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலின் பெரும்பகுதி சிலிகா, அதுவும் உமியின் நுண்ணிய கூட்டைக் குலைக்காமல் நிற்கும் துளை நிறைந்த சிலிகா. உருக்காலைகளில் உருகிய எஃகின் சூடு போகாமல் மேலே தூவி மூடுவதற்கு இதே உமிச் சாம்பலைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே தாங்குவது இங்கே எளிதாகத் தாங்கும். கவிகைக்கு மேல் நான்கு அங்குலத்துக்கு, சிறிது களிமண் சேர்த்துப் பிசைந்த உமிச் சாம்பலைப் போர்த்தி, அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு பூசலாம். அந்தத் தொலைவில் சுண்ணாம்புக்கு ஆபத்தில்லை. தரைக்கு அடியிலும் காப்பு வேண்டும். அங்கே பாரம் அமுக்கும் என்பதால் உமியைக் களிமண்ணில் கலந்து அறுத்துச் சூளையில் வேகவைத்த கல்லைப் பயன்படுத்துவது நல்லது. உமி எரிந்து போன இடமெல்லாம் காற்றுப் பொந்தாகிவிடும். தரைக்கடியில் காப்பு போடாமல் விடுவதே கொல்லை அடுப்புகளில் மிகப் பரவலான குறை: முதல் இரண்டு பீட்சா நன்றாக வரும், மூன்றாவதன் அடி வெளுத்துப் போகும், ஏனென்றால் தரையின் சூடு மேடைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. உமிச் சாம்பலைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

கட்டி முடித்ததும் பெரிய தீ மூட்டக் கூடாது. கல்லுக்குள்ளும் கலவைக்குள்ளும் நீர் இருக்கிறது. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழியில்லாவிட்டால் வெடிப்பு விடும். இரண்டு வாரம் நிழலில் உலரவிட்டு, பிறகு ஒரு வாரம் நாள்தோறும் சுள்ளித் தீ மூட்டிச் சிறிது சிறிதாகக் கூட்டுவது முறை. இந்த நீர்க்கணக்கு அடுப்பின் வாழ்நாள் முழுவதும் தொடரும். நல்ல செங்கல்கூட ஒருநாள் ஊறினால் தன் எடையில் 20 விழுக்காடுவரை நீர் ஏற்கலாம் என்று இந்தியத் தர அளவு இடம் தருகிறது. அதில் பாதி ஏறினாலும் 300 கிலோ செங்கல்லில் 30 லிட்டர் நீர். அதை ஆவியாக்கி விரட்டத் தேவையான வெப்பம், முன்பு பார்த்த கணக்கில் அடுப்பு முழுவதையும் 300 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பத்துக்கு ஏறக்குறைய சமம். ஐப்பசி கார்த்திகை அடைமழை பெய்யும் கடலூர் மாவட்டத்தில் மேற்கூரை இல்லாத போறணை பாதி விறகை மழைநீருக்கே எரிக்கும். 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலைக் கண்ட ஊர்களில் அந்தக் கூரை நன்கு பிணைக்கப்பட்ட தகரக் கூரையாக இருப்பதும் அவசியம். ஓலைக் கூரையும் வைக்கோற்போரும் அடுப்பை அண்டக் கூடாது.

விறகும் அதே நீர்க்கணக்குக்கு உட்பட்டதுதான். பச்சை மரத்தில் எடையில் பாதிவரை நீராக இருக்கும். ஓராண்டு காய்ந்த சவுக்கு மணிக்கட்டுக் கனத்தில் இருந்தால் சிறப்பு. மரம் நேராக எரிவதில்லை. 200 டிகிரிக்கு மேல் அது சிதைந்து வாயுக்களை விடுகிறது. சுடராகத் தெரிவது அந்த வாயு எரிவது. வாயு எரியாமல் தப்பினால் அதுவே புகை. முந்திரி விறகு எரிக்கலாம், முந்திரி ஓட்டை எரிக்கக் கூடாது. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொத்துவிக்கும் தன்மை கொண்டது, அதன் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். உணவு கிடக்கும் அறைக்குள் அதற்கு இடமில்லை.

சூடு போதுமா என்பதை அடுப்பே சொல்லும். தீ மூட்டிய அரைமணியில் கவிகை முழுவதும் கரி படிந்து கறுக்கும். பிறகு உச்சியில் தொடங்கிக் கறுப்பு மறைந்து செங்கல்லின் நிறம் வெளிப்படும். கவிகை 350, 400 டிகிரியை எட்டும்போது படிந்திருந்த கரியே எரிந்துவிடுவதன் அடையாளம் அது. தரைக்குப் பழைய சோதனை, ஒரு சிட்டிகை மாவைத் தூவி அது எத்தனை எண்ணிக்கைக்குள் சிவக்கிறது என்று பார்ப்பது. இன்று பலரிடம் இருக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானி, வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் சூரிய நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் கண்ட கண்ணுக்குத் தெரியாத கதிரைத்தான் அளக்கிறது. ஆனால் அது மேல்தோலை மட்டுமே பார்க்கும். தோல் 400 காட்டலாம், ஓர் அங்குலம் உள்ளே 150 இருக்கலாம். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறிய, கட்டும்போதே கல்லுக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்ப இரட்டைக் கம்பிகளைப் பதித்து வைக்க வேண்டும். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து ஓர் இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் எழும். இயற்பியலாளர் சீபெக் 1821-இல் கண்ட இந்த விளைவே இதற்கு அடிப்படை. அந்தக் கம்பிகள் காட்டும் எண்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது குதிர் நிரம்பிவிட்டது என்று பொருள்.

நிரம்பிய குதிரிலிருந்து இறக்கும் வரிசையும் சூட்டின் வரிசைதான். தணலை ஓர் ஓரமாக ஒதுக்கி, 400 டிகிரிப் பக்கம் பீட்சா. தணலை முழுக்க வாரிவிட்டு வாயை மரக்கதவால் அடைத்து ஒரு மணி நேரம் விட்டால் சூடு கல்லெங்கும் சமமாகப் பரவி 250 டிகிரிக்கு இறங்கும், அப்போது ரொட்டி. மாவிலிருந்து கிளம்பும் நீராவி கதவுக்குள்ளேயே தங்கி, மேல்தோல் சீக்கிரம் இறுகிவிடாமல் ரொட்டியை உப்பவிடும். 180 டிகிரியில் பன்னும் பிஸ்கட்டும். 150-ஐ ஒட்டி நிலக்கடலையும் பலாக்கொட்டையும் வறுபடும். மறுநாள் காலை உள்ளே 70 டிகிரிப் பக்கம் இருக்கும், முந்திரிப் பருப்பின் தோல் கழன்றுவர போர்மாவில் வைக்கும் சூடு அது. அதையும் எடுத்த பிறகு, அடுத்த முறைக்கான சவுக்கு விறகை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால், மிச்சமுள்ள சூட்டில் அது உலர்ந்துகொண்டிருக்கும்.